கை பழக்கும் வேலை

பச்சைக் குழந்தையின் இறுகிய கழுத்தைச் சரிசெய்யும் இயன்முறை மருத்துவர் அந்தக் குழந்தையைத் தொடும் நேரம் மிகக் குறைவு. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில், வளர்ச்சியில் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கென இயங்கும் இடையீட்டு மையத்தில் இந்த வேலையை அருகிருந்து பார்த்தபோது முதலில் மனதில் பதிந்தது இதுதான். தரையில் விரித்த மெத்தை, சுவரோரம் பெரிய ரப்பர் பந்துகள், உருளைத் தலையணை, கிலுகிலுப்பை, ஆள் உயரக் கண்ணாடி. கருவிகள் இவ்வளவே, மின்சாரத்தில் ஓடும் எதுவும் இந்தச் சிகிச்சைக்கு வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் கழுத்தை அளந்தார், தடவிப் பார்த்தார், ஓரிரு முறை நீட்டிக் காட்டினார். பிறகு தன் கைகளை விலக்கிக்கொண்டு, மீதி நேரம் முழுக்கத் தாயின் கைகளையும் உடன் வந்த பாட்டியின் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் எங்கே நிற்கிறது, தோளை யார் அழுத்தியிருக்கிறார்கள், குழந்தை முகம் சுளித்ததும் கை தளர்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனித்தார். இந்தத் தொழிலின் மையம் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். குறுகிய தசையை நீட்டுவது ஒரு கைத்திறன். அதை இன்னொருவர் கைக்குள் ஏற்றி, அந்தக் கை வீட்டிலும் அதே பதத்தோடு நடந்துகொள்ளும்படி செய்வதே இவர்களுடைய பெரிய வேலை. நம் பொது மருத்துவம் முதல் வேலைக்கு மட்டும் கணக்கு வைத்திருக்கிறது.

காதுக்குப் பின்னால் தட்டுப்படும் எலும்பு மேட்டில் தொடங்கி, கழுத்தின் பக்கவாட்டில் சாய்வாக இறங்கி, மார்பெலும்பிலும் காறை எலும்பிலும் வந்து பற்றும் தசை ஒன்று இரு புறமும் உண்டு. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்று பெயர். வலப்புறத் தசை குறுகிவிட்டால் தலை வலத் தோளை நோக்கிச் சாயும், தாடை இடப்புறம் திரும்பும். பிறந்த குழந்தைகளிடம் காணப்படும் இந்த நிலையை மருத்துவர்கள் டார்டிகாலிஸ் என்கிறார்கள். நூறு பிறப்புகளில் 2 வரை இருக்கலாம் என்பது பழைய கணக்கு. கூர்ந்து தேடிய ஆய்வுகள் அதைவிட அதிகமாகவே கண்டிருக்கின்றன. சில குழந்தைகளுக்குத் தசையில் குறையே இராது, ஒரு பக்கம் பார்த்தே கிடக்கும் பழக்கம் மட்டும் இருக்கும். சிலருக்குத் தசை இறுகியிருக்கும். இன்னும் சிலருக்குப் பிறந்து இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அந்தத் தசையின் நடுவே கெட்டியான ஒரு கட்டி தட்டுப்படும். குளிப்பாட்டும்போது அது விரலில் பட்டதும் குடும்பமே நடுங்கிப்போகிறது. அது புற்றுக்கட்டி இல்லை. தசை நாருக்குள் தழும்பு போல் இறுகிய திசு அது. பெரும்பாலும் சில மாதங்களில் கரைந்துவிடும். ஏன் வருகிறது என்பதில் ஒரே முடிவு எட்டப்படவில்லை. கருப்பையில் இட நெருக்கடி, பிட்டம் முந்திய பிறப்பு, கடினமான பேறு, தசைக்குள் ரத்த ஓட்டம் தடைபட்டது என்று பல விளக்கங்கள் உண்டு. பிட்டம் முந்திப் பிறந்த குழந்தைகளிடமும் தலைப்பிள்ளைகளிடமும் இது கூடுதலாகத் தென்படுவது மட்டும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது.

வீட்டில் இதற்கு வேறொரு விளக்கம் ஏற்கெனவே தயாராக இருக்கும். கைக்குழந்தை ஒரு பக்கம் திரும்பாமல் அழுதாலோ பால் குடிக்க மறுத்தாலோ உரம் விழுந்திருக்கிறது என்பார்கள். தூக்கத் தெரியாதவர் தூக்கினார், தூளியில் கழுத்து மடங்கிவிட்டது, பெற்றவள் கவனிக்காமல் தூங்கிவிட்டாள் என்று காரணம் தேடப்படும். பெரும்பாலும் அந்தத் தேடல் பெற்றவளிடம் வந்துதான் நிற்கும். உரம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோவார்கள். சேலையிலோ வேட்டியிலோ குழந்தையைக் கிடத்தி, இரு முனைகளையும் இருவர் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். மையத்தில் நான் கவனித்த இயன்முறை மருத்துவர் இந்தக் கதையை ஏளனம் செய்யவில்லை. "உருட்ட வேண்டாம் பாட்டிம்மா, சொடுக்கவும் வேண்டாம். எண்ணெய் தடவி நீவுறீங்களே, அதை விடாதீங்க, அந்த நேரத்துலயே நான் சொல்றதையும் செஞ்சிடலாம்" என்றார். இதைவிடச் சரியான பதில் எனக்குத் தோன்றவில்லை. தாயின் தலையில் விழுந்த பழியை முதலில் இறக்கிவைக்காமல் அவள் கையைப் பழக்க முடியாது. தன் பிடியால்தான் பிள்ளைக்கு இது வந்தது என்று நம்புகிறவள் அந்தக் கழுத்தை மறுபடி தொடவே அஞ்சுவாள். உருட்டலை விலக்குவதற்கும் தெளிவான காரணம் இருக்கிறது. குறுகிய தசையைத் திடீரென இழுத்தால் அது வலியில் இன்னும் இறுகும். மேலும், அந்தச் சாய்வுக்குத் தசைதான் காரணமா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

காரணம் தசைதானா என்று உறுதிப்படுத்தும் கட்டத்தை வெளியாட்கள் கவனிப்பதே இல்லை. கழுத்தெலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருந்தாலும் தலை சாயும். கண்ணை இயக்கும் நரம்பு ஒன்று பலவீனமாக இருந்தால், இரட்டையாகத் தெரியும் காட்சியை ஒன்றாக்கிக்கொள்ளக் குழந்தை தலையைச் சாய்க்கும். அங்கே தசையை நீட்டிப் பயனில்லை. பிறக்கும்போது காறை எலும்பு முறிந்திருக்கலாம், தோள் நரம்புகள் இழுபட்டுக் கை தளர்ந்திருக்கலாம், பால் எதுக்களிப்பின் வேதனையில் முதுகை வளைத்துக் கழுத்தைத் திருப்பும் குழந்தைகளும் உண்டு. அரிதாக, மூளையின் பின்பகுதியில் வளரும் கட்டியும் இப்படி முகம் காட்டும். அதனால்தான் மருத்துவர் கழுத்தைத் தொடுமுன் குழந்தையின் கண் எதைப் பின்தொடர்கிறது என்று பார்க்கிறார், இரு கைகளும் ஒரே மாதிரி அசைகின்றனவா என்று பார்க்கிறார், தொடைகளை விரித்து இடுப்பு மூட்டைச் சோதிக்கிறார். முன்பு நேராக இருந்த கழுத்து திடீரென்று சாய்ந்தால், காய்ச்சலோ வாந்தியோ கூட இருந்தால், அவர் கை வைக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார். இந்த வடிகட்டல் எந்தத் தாயிடமும் ஒப்படைக்கக்கூடியது இல்லை. பயிற்சியைக் குடும்பத்தின் கையில் கொடுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த எல்லை உண்டு. யாருக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பது படித்தவர் பொறுப்பு.

இனி அந்தக் கைத்திறன். வலப்புறம் இறுகிய குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்து, ஒருவர் தோளை மெத்தையோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தலையை உள்ளங்கைகளில் ஏந்தி இடத் தோளின் பக்கம் மெல்லச் சாய்க்கிறார். பிறகு தாடையை வலத் தோளை நோக்கித் திருப்புகிறார். எழுதும்போது இரண்டே அசைவு. செய்யும்போது ஒவ்வொன்றிலும் ஒரு எல்லை தட்டுப்படும், அங்கே கை நிற்க வேண்டும். அழுத்தக் கூடாது, பின்வாங்கவும் கூடாது. சில நொடிகளில் தசை தானாகக் கொஞ்சம் தளரும், கை அந்தத் தளர்ச்சியைத் தொடர்ந்து போகும். குழந்தை விறைத்தாலோ அழத் தொடங்கினாலோ அந்த முயற்சியை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் எதிர்க்கிற தசை நீளாது. எத்தனை முறை, எத்தனை நொடி என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. மென்மையாக, வலியில்லாமல், நாள் முழுக்கப் பல தடவை என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். "அழுதா விட்ருங்கம்மா, தள்ளாதீங்க. அவன் விடுறப்போ நீங்க போங்க" என்று அந்த மருத்துவர் தாயிடம் சொன்னது இந்தத் தொழிலின் முழுப் பாடம். வலுவான கை இங்கே உதவாது. எதிர்ப்பை உணர்ந்ததும் தன்னை நிறுத்திக்கொள்ளத் தெரிந்த கைதான் வேண்டும். புதிதாகக் கற்பவர்களிடம் இரண்டு தவறுகளைப் பார்த்தேன். பயந்தவர்கள் எல்லையைத் தொடாமலேயே முடித்துவிடுகிறார்கள். ஆர்வம் மிகுந்தவர்கள் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று எல்லையைத் தாண்டி அழுத்துகிறார்கள். இரண்டையும் வாய்ச்சொல்லால் திருத்த முடியவில்லை. மருத்துவர் தன் கையை அவர்கள் கையின்மேல் வைத்துத்தான் திருத்தினார்.

ஏன் இதை மருத்துவரே செய்து முடித்துவிடக் கூடாது? வளைபாதத்தோடு இதை ஒப்பிட்டால் புரியும். அமெரிக்காவின் அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய முறையில் மருத்துவர் பிஞ்சுப் பாதத்தைக் கையால் சற்றே நேராக்கி மாவுக்கட்டுப் போடுகிறார். கை வென்ற கோணத்தை அந்தக் கட்டு ஒரு வாரம் காத்துவைக்கிறது. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கலாம். கழுத்துக்கு அப்படிக் கட்டுப் போட முடியாது. மையத்தில் கிடைத்த நெகிழ்வை, வீட்டில் குழந்தை கிடக்கும் கிடை ஒரே இரவில் கரைத்துவிடும். அதனால் சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டின் ஏற்பாட்டுக்குள் போய்விடுகிறது. அமெரிக்காவின் குழந்தைகள் இயன்முறை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்டு 2018இலும் 2024இலும் புதுப்பித்த வழிகாட்டி நெறி, முதல் தேர்வாக ஐந்தைச் சொல்கிறது. கழுத்தை நீட்டுவது, குழந்தை தானே கழுத்தையும் உடலையும் அசைக்கச் செய்வது, இரு பக்கமும் ஒரே சீராக இயங்கப் பழக்குவது, சுற்றுப்புறத்தை மாற்றியமைப்பது, பெற்றோருக்குக் கற்பிப்பது. இந்த ஐந்தில் முதலாவதில் மட்டும்தான் மருத்துவரின் கைக்குத் தாயின் கையைவிடத் தெளிவான மேன்மை இருக்கிறது. தொட்டிலில் தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் போட்டால் குழந்தை வெளிச்சத்துக்காக மறுபக்கம் திரும்பும். கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் ஆட்டுவது, பேசுகிறவர் எந்தப் பக்கம் உட்காருவது, எந்தத் தோளில் போட்டுத் தட்டுவது, ஒரு மார்பில் மட்டும் நன்றாகக் குடிக்கிற குழந்தையை மற்ற மார்பில் எப்படி ஏந்துவது என்பதெல்லாம் மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்துகள். இறுகிய பக்கம் கீழே வருமாறு குழந்தையை ஒருக்களித்து ஏந்தி, முன்கையைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடந்தால், வீட்டைச் சுற்றி வருவதே நீட்டல் பயிற்சி ஆகிவிடுகிறது.

இரண்டாம் மாதத்தில் வலக் கழுத்தில் கட்டியோடு வந்த ஓர் ஆண் குழந்தையின் நோட்டைப் புரட்டினால் முன்னேற்றம் எப்படி வருகிறது என்று தெரிகிறது. ஆரோக்கியமான கைக்குழந்தை இரு பக்கமும் சுமார் 110 பாகை தலையைத் திருப்பும், அதாவது தாடை தோளைத் தாண்டிப் போகும். இவனுக்கு இடப்பக்கம் தாண்டியது, வலப்பக்கம் தோளை எட்டவேயில்லை. முதல் சில வாரங்களில் திருப்பம் வேகமாகக் கூடியிருக்கிறது. தாய்க்கு நம்பிக்கை பிறந்தது அப்போதுதான். ஆனால் சாய்வு அவ்வளவு எளிதில் போகவில்லை. தசை நீண்டுவிட்ட பிறகும் குழந்தை பழைய கோணத்தையே நேர் என்று நினைத்துக்கொண்டிருந்தது, எதிர்ப்பக்கத் தசைக்கும் பலம் இல்லை. அங்கிருந்து வேலையின் தன்மை மாறுகிறது. விழித்திருக்கும் நேரத்தில், ஆள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போட்டுத் தலையைத் தூக்க வைக்கிறார்கள். குப்புறப் போட்டால் மூச்சு முட்டும் என்ற வீட்டாரின் பயத்தை மருத்துவர் தள்ளிவிடவில்லை. தூங்கும்போது மல்லாந்துதான் கிடக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். கழுத்து ஓரளவு நின்றதும், கண்ணாடிக்கு முன்னால் குழந்தையைப் படுக்கை வாட்டில் பிடித்து, தலையை எவ்வளவு உயரம் தூக்குகிறான் என்று இரு பக்கமும் பார்க்கிறார்கள். அந்தக் கண்ணாடி அங்கே நிற்பது இதற்காகத்தான். பிடித்திருப்பவருக்குக் குழந்தையின் முகம் அதில் தெரியும். நோட்டில் நான்காம் மாதத்துக்குரிய பக்கத்தில் இறக்கமும் பதிவாகியிருக்கிறது. காய்ச்சல் வந்த வாரம் தலை மறுபடி சாய்ந்திருக்கிறது. களைப்பிலும் நோயிலும் சாய்வு எட்டிப் பார்ப்பது வழக்கம், அதற்காகப் பயிற்சி வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் அந்தத் தாய் கலங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் அவன் குப்புற விழத் தொடங்கியபோது ஒரு பக்கமாக மட்டுமே புரண்டான். அதைக் கவனித்து வந்து சொன்னது பாட்டி.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான ஆய்வுகள் இருப்பதை மறைக்க முடியாது. ஹாங்காங்கில் ஜாக் செங்கும் அவருடைய குழுவினரும் 821 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. அங்கே நீட்டல் சிகிச்சையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள், வாரம் மூன்று முறை. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் நன்றாகத் தேறினார்கள். கட்டியுள்ள குழந்தைகளில் 8 விழுக்காட்டினருக்கும், கட்டியில்லாமல் இறுகியவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அறுவை தேவைப்பட்டது. ஸ்வீடனில் அன்னா ஓமன் 2010இல் இன்னும் நேரடியாகவே கேட்டார்: நீட்டுவது மருத்துவரா, பெற்றோரா? சிறிய ஆய்வுதான் என்றாலும் விடை தெளிவாக இருந்தது. மருத்துவர் நீட்டிய குழந்தைகளுக்குச் சுமார் ஒரு மாதத்தில் கிடைத்த நெகிழ்வு, பெற்றோர் நீட்டியவர்களுக்கு மூன்று மாதம் எடுத்தது. அப்படியானால் மருத்துவரின் கையே மேல், குடும்பத்தைப் பழக்குவது பணம் மிச்சம் பிடிக்கும் இரண்டாந்தர ஏற்பாடு என்று ஒருவர் சொல்லலாம். நான் இந்த முடிவுகளை ஏற்கிறேன். இதே முடிவுகள் என் வாதத்தையும் தாங்குகின்றன. ஒரே அசைவைச் செய்யும் இரண்டு கைகளுக்கு இவ்வளவு வேறுபாடு வருகிறது என்றால், அந்த அசைவு ஒரு முறை காட்டினால் வந்துவிடும் சங்கதி இல்லை. அது நீண்ட பழக்கத்தில் வரும் கைத்தொழில். ஆகவே கற்பிக்கும் நேரத்தைக் குறைக்க அந்த ஆய்வைக் காரணமாகக் காட்ட முடியாது, கூட்டத்தான் காட்டலாம். வாரம் மூன்று முறை மருத்துவரிடம் வரக்கூடிய குடும்பங்கள் வரட்டும், முதல் சில வாரங்களாவது வந்தால் மிக நல்லது. ஆனால் இரண்டு பேருந்து மாறி, பிரசவத் தையல் ஆறாத உடம்போடு, கூட ஓர் ஆளின் ஒரு நாள் கூலியை இழந்து வருகிற பெண்ணிடம் வாரம் மூன்று நாள் கேட்டால் அவர் இரண்டாம் வாரம் வராமல் போவார். அவருடைய கை ஸ்வீடனின் மூன்று மாதத்தை இரண்டாகக் குறைக்கும் அளவுக்குத் தேர்ந்தால், அதுவே அவர் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த சிகிச்சை.

கற்பிப்பதுதான் வேலை என்றால் காணொளி போதுமே என்று கேட்பவர்களும் உண்டு. கைபேசியில் இந்தப் பயிற்சிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, தாய்மார் பார்க்கவும் செய்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் மறந்ததை நினைவூட்ட அவை உதவும் என்பதை மறுக்கவில்லை. அந்த மருத்துவரே தாயின் கைபேசியில், தாய் செய்வதையே படம் பிடித்துக் கொடுத்தார். ஆனால் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்ப்பதை எத்தனை முறை திரையில் பார்த்தாலும், பக்கத்தில் பழகியவர் ஒருவர் நின்று இது போதாது, இது சரி என்று சொல்லாமல் விரலுக்குப் பதம் பிடிபடாது. எதிர்ப்பு எங்கே தொடங்குகிறது என்பது திரையில் தெரிகிற விஷயமே இல்லை. அதோடு காணொளி எல்லாக் குழந்தைக்கும் ஒன்றையே காட்டும். பக்கத்தை மாற்றிப் புரிந்துகொண்டு, இறுகிய பக்கத்தையே இன்னும் சுருக்கும் திசையில் நாள்கணக்கில் பயிற்சி செய்ய வாய்ப்பிருக்கிறது. சாய்வது ஒரு பக்கம், திரும்புவது எதிர்ப்பக்கம் என்பதால் இந்தக் குழப்பம் மிக இயல்பானது; மருத்துவர் குழந்தையின் வலக் கையில் ஒரு கறுப்புக் கயிறு கட்டச் சொன்னது இதற்காகத்தான்.

தானாகவே சரியாகிவிடும், எங்கள் காலத்தில் யார் பிசியோவிடம் போனார்கள் என்பது பெரியவர்களிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. லேசான சாய்வுகள் பல, குழந்தை குப்புற விழுந்து தவழ்ந்து நடக்கத் தொடங்கும்போது மறைந்துபோகின்றன. கட்டியும் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. ஆனால் கட்டி கரைவதும் தசை நீளுவதும் ஒன்றில்லை. கட்டி போன இடத்தில் நார் போன்ற இறுக்கம் தங்கிவிட்டால், வளரும் எலும்புகளோடு அந்தத் தசை வளராது. ஒரே பக்கம் அழுந்திக் கிடக்கும் மண்டையோடு பின்புறம் தட்டையாகும், ஒரு காது முன்னே தள்ளப்படும், நாளடைவில் முகத்தின் இரு பாதியும் ஒத்திராது. எந்தக் குழந்தை தானாகத் தேறும், எது தேறாது என்று முதல் மாதத்தில் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. காத்திருப்பதற்கான விலை மட்டும் தெரியும். மேலே சொன்ன வழிகாட்டி நெறி தொகுத்துத் தருகிற கணக்கு இது: ஒரு மாதம் முடியுமுன் தொடங்கினால் நூற்றில் 98 குழந்தைகள் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் இயல்பான நெகிழ்வுக்கு வந்துவிடுகிறார்கள், ஒரு மாதத்துக்குப் பிறகு என்றால் ஆறு மாதம்போல் ஆகிறது, ஆறு மாதம் கழித்து வந்தால் ஒன்பது பத்து மாதம் பிடிக்கிறது, தேறுகிறவர்கள் எண்ணிக்கையும் குறைகிறது. பழைய காலத்தில் தேறாமல் போனவர்களை நாம் பார்த்துத்தான் இருக்கிறோம். கழுத்து சாய்ந்த மனிதர்கள் ஊருக்கு ஓரிருவர் இருந்தார்கள், அதை அவர்களுடைய அடையாளமாகவே ஊர் எடுத்துக்கொண்டது.

எனக்குக் கடினமாக இருந்த ஆட்சேபம் இன்னொன்று. பிரசவித்து ஆறு வாரம் ஆன உடம்போடு, இரவு தூக்கமில்லாமல் இருக்கும் பெண்ணிடம் இன்னொரு கடமையை ஏற்றுவது நியாயமா? குழந்தை தேறாவிட்டால் நீ சரியாகச் செய்யவில்லை என்ற புதுப் பழி அவள்மேல் விழாதா? விழும். விழுவதை நான் பார்த்தேன். கணக்குக் கேட்கும் தொனியில் ஒரு மாமியார் மருத்துவரிடம், "இவ செய்யவே மாட்டேங்கிறா மேடம்" என்றார். மருத்துவர் உடனே, "சரி, நீங்க செய்ங்க பார்க்கலாம்" என்று குழந்தையை அவர் மடியில் வைத்தார். அதைச் சாமர்த்தியம் என்று மட்டும் நான் கருதவில்லை. கை பழக்குவது என்பது தாயின் கையை மட்டும் பழக்குவது ஆகிவிட்டால் இந்த ஆட்சேபத்துக்குப் பதிலே கிடையாது. நம் வீடுகளில் கால் நீட்டி உட்கார்ந்து, பிஞ்சுக் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டத் தெரிந்த ஒரு பெண்மணி பெரும்பாலும் இருக்கிறார். கழுத்தைத் தாங்கத் தெரிந்த, குழந்தையின் விறைப்பையும் தளர்ச்சியையும் தொட்டு அறிந்த கை அது. வேறு நாடுகளில் மருத்துவர் தொடக்கத்திலிருந்து பழக்க வேண்டியதில் பாதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. தகப்பனையும் விடக் கூடாது. ஒருக்களித்து ஏந்தி நடப்பதற்கு ஆணின் நீண்ட முன்கை நன்றாகவே பொருந்துகிறது. தனியே நேரம் ஒதுக்கிச் செய்யும் பயிற்சிகளைக் குறைத்து, துணி மாற்றும்போது, பால் கொடுக்கும்போது, குளிப்பாட்டும்போது என்று ஏற்கெனவே நடக்கிற காரியங்களோடு சேர்த்துவிட்டால் சுமை பாதி இறங்கும். அப்படிச் சேர்த்துக் கொடுக்க, அந்த வீட்டில் யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று மருத்துவர் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். அதற்கும் நேரம் வேண்டும்.

அந்த நேரம்தான் இல்லை. 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் திட்டத்தின்கீழ்தான் மாவட்ட இடையீட்டு மையங்கள் வந்தன. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டியவை என்று அது தேர்ந்தெடுத்த 30 நிலைகளில் வளைபாதம் இருக்கிறது, பிறவி இடுப்பு மூட்டுக் குறைபாடு இருக்கிறது. கழுத்துச் சாய்வு பெயர் சொல்லப்படவில்லை. மையத்தின் இயன்முறை மருத்துவரைத் தேடி வருபவர்களில் பெரும்பான்மையினர் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள். அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும். அவர்களுக்கு நடுவே, சில மாதங்களில் முழுதாகத் தேறிவிடக்கூடிய கழுத்துக் குழந்தை ஒரு சிறிய கேஸாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் முழுதாகத் தேறக்கூடியது என்பதே அதற்கு முன்கூட்டி நேரம் கொடுப்பதற்கான காரணம். பதிவேட்டில் வருகைத் தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது, கொடுத்த சிகிச்சைக்கு ஒரு கட்டம் இருந்தது. வீட்டில் யார் கை பழகியது, அவர்கள் செய்து காட்டினார்களா என்று எழுத இடமில்லை. அதனால் மருத்துவர் பாட்டிக்குச் செலவிட்ட அந்தக் கால் மணி நேரம் மருத்துவமனையின் கணக்கில் வேலையாகவே சேரவில்லை. எண்ணப்படாத வேலை நெருக்கடியில் முதலில் கைவிடப்படும். தலையைத் திருப்பிக் காட்டி ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டாலும் பதிவேடு அதே போலத்தான் நிரம்பும்.

மாற்றத்துக்குப் புதிதாகப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. 6, 10, 14 வாரங்களில் ஏறக்குறைய எல்லாக் குழந்தையும் தடுப்பூசிக்கு வந்துவிடுகிறது. ஆறாவது வாரம் கட்டி தட்டுப்படும் பருவத்தோடு ஒத்துப்போகிறது. கிராம சுகாதார செவிலியர் ஊசி போடுமுன் ஒரு கிலுகிலுப்பையை இரு பக்கமும் காட்டி, குழந்தை இரு பக்கமும் ஒரே அளவு திரும்புகிறதா, ஒரு மார்பில் மட்டும் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். வீட்டுக்கு இயன்முறை மருத்துவரை அனுப்புவதும் இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், நடமாட முடியாத பெரியவர்களின் வீட்டுக்கே இந்தச் சேவையைக் கொண்டுபோகிறது. அதே மருத்துவர் அதே ஊரில் ஒரு கைக்குழந்தையின் தொட்டில் எந்தச் சுவரோரம் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, கிடையை மாற்றிப் போட்டுவிட்டு, பாட்டியின் கையை ஒரு முறை திருத்திவிட்டு வரலாம். பெரியவர்களின் முட்டியும் தோளும் பார்த்துப் பழகியவருக்குப் பிஞ்சுக் கழுத்தைத் தொடக் கூச்சம் இருக்கும். மாவட்ட மையத்தில் இருப்பவரிடம் சில நாள் நின்று பழகினால் தீரக்கூடிய கூச்சம்தான் அது. இங்கேயும் கையிலிருந்து கைக்குத்தான் இந்த வேலை போக வேண்டியிருக்கிறது.

சிகிச்சை எப்போது முடிகிறது என்பதிலும் இதே பார்வை வேண்டும். இரு பக்க நெகிழ்வுக்கும் இடையே 5 பாகைக்கு மேல் வேறுபாடு இல்லை, கண்ணுக்குத் தெரியும் சாய்வு இல்லை, இரு பக்கமும் ஒரே சீராகப் புரள்கிறது, வயதுக்கேற்ற வளர்ச்சி இருக்கிறது என்பவற்றோடு, எதைக் கவனிக்க வேண்டும் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது என்பதையும் வழிகாட்டி நெறி ஒரு நிபந்தனையாக வைக்கிறது. நடக்கத் தொடங்கும் பருவத்தில் சாய்வு மறுபடி தலைகாட்டக்கூடும் என்பதால், விடுவித்த பிறகும் ஒரு முறை திரும்பப் பார்க்கச் சொல்கிறது. அந்த ஆண் குழந்தையின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் மருத்துவர் எழுதியிருந்தது மூன்று வரி: வலம் இடம் சமம், பாட்டி, தாய் இருவரும் செய்து காட்டினார்கள், நடந்ததும் ஒரு முறை வரவும்.